ராஜா சுமந்த உப்பு மூட்டை

உப்புக்கு வரி போடலாம் என்று யாருக்கும் தோன்றாத காலம் அது பிள்ளைகளா. கடலோரமாக ஒரு ஊர் இருந்தது. ஊரைச் சுற்றி உப்புப் பாத்தி, பாத்தியைச் சுற்றி வரப்பு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ராஜா. அவரும் சின்ன வயதில் பாத்தியில் இறங்கி வேலை பார்த்தவர்தான்.

அந்த ஊரில் கொம்பையா என்று ஒருத்தன். அவன் வேலை மடைக்காவல். குளத்துத் தண்ணீர் உப்பளத்துக்குள் வந்துவிடாமல் மடைப்பலகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. பலகையைப் பார்க்க வேண்டும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒருநாள் மத்தியானம் பழைய சோறும் கருவாடும் வயிறு முட்டச் சாப்பிட்டான். கண் சொக்கியது. தரையெல்லாம் ஈரம். படுக்க ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிப் பார்த்தான். மடையில் அருமையான பலகை ஒன்று இருந்தது. அதை உருவிப் போட்டுப் படுத்துவிட்டான்.

குளத்துத் தண்ணீர் வந்தது. அம்பாரம் அம்பாரமாகக் குவித்திருந்த ஊர் உப்பெல்லாம் கரைந்தது. கொம்பையா மட்டும் பலகையோடு மிதந்து, குறட்டை விட்டுக்கொண்டே, நேராக ராஜாவின் பாத்தியில் போய்க் கரையேறினான்.

ஊர் கூடிவிட்டது. ஒரு கோடை முழுக்க உழைத்தது ஒரு தூக்கத்தில் போனால் கோபம் வராதா?

அந்த ஊர்ச் சட்டம் இதுதான். உப்பைக் கெடுத்தவன் ஈர உப்பு மூட்டையை வெறும் முதுகில் சுமந்து ஊரை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். பொழுது சாய்வதற்குள் சுற்றாவிட்டால் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். அவனுக்காக வேறு உயிர் சுமக்கலாம். ஆனால் அது மனசொப்பி வர வேண்டும், அதன் பேரில் ஒரு குற்றமும் இருக்கக் கூடாது.

கொம்பையா மூட்டையைப் பார்த்தான். மூட்டை மாடு படுத்த மாதிரி கிடந்தது. அவசரமாக வீட்டுக்கு ஓடி, வெள்ளாட்டை அவிழ்த்தான்.

"எங்க கொண்டு போறீரு?" என்றாள் அவன் பெண்டாட்டி பேச்சித்தாய்.

"எனக்குப் பதிலா மூட்டை தூக்க."

"ஏன், மடையில தூங்குனது வெள்ளாடா?"

கொம்பையா ஆட்டை இழுத்துக்கொண்டு நடந்தான். ஆட்டுக்கு மாலை போட்டு ராஜா முன்னால் நிறுத்தினான். "சாமி, இதுமேல ஒரு குத்தமும் கிடையாது."

ஆடு மாலையைத் தின்றது. பிறகு மந்திரியின் தலைப்பாகை நுனியைத் தின்றது. மூட்டையைப் பக்கத்தில் கொண்டுவந்ததும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவிட்டது.

"குத்தம் இல்லதான், மனசும் இல்லையே," என்றார் ராஜா. "மனசில்லாத சீவன் முதுகுல உன் தப்பை ஏத்துனா, அது இன்னொரு தப்புடே."

அடுத்து, மச்சினன் பலவேசத்தைக் கூட்டிவந்தான். சுமந்தால் வஞ்சிரமீன் குழம்பும் சோறும் என்று பேச்சு. பலவேசம் சந்தோஷமாகச் சட்டையைக் கழற்றினான்.

"நான் மனசொப்பித்தான் வந்திருக்கேன் சாமி. குழம்பை நினைச்சா மனசு இன்னும் ஒப்புது."

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏலே பலவேசம், போன வருசம் எங்க பாத்தியில விலை பார்க்க வந்தவன் மாதிரி வந்து உப்பை அள்ளிட்டுப் போனியே, அதுக்கு எப்பம் சுமக்கப் போற?"

பலவேசம் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டான். "அத்தான், குழம்பு ஆறிரும், நான் வாரேன்," என்று நழுவிவிட்டான்.

மூன்றாவதாக, வேறு வழியில்லாமல், கொம்பையாவே குனிந்தான். மூட்டையை ஏற்றிவிட்டார்கள். ஒரு அடி வைத்தான். இன்னொரு அடி வைத்தான். அப்புறம் மூட்டை மேலே, கொம்பையா கீழே. இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது.

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. பேச்சித்தாய் கூட்டத்தைவிட்டு விலகினாள். வீட்டுக்குப் போய்ச் சோற்றுப்பானையை ஒரு இடுப்பிலும் பிள்ளையை ஒரு இடுப்பிலும் வைத்துக்கொண்டு, ஊரைவிட்டுப் புறப்படத் தயாராக வந்து நின்றாள். அப்போதுதான் கொம்பையாவுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

"சாமி, நீங்கதான ராஜா," என்றார் மந்திரி மெதுவாக. "பிழைச்சுப் போன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது."

"கரைஞ்சது கரைஞ்சதுதான ஓய். வாய் வார்த்தையில விட்டுட்டா, உப்பைப் பறிகொடுத்தவன் முகத்துல நான் எப்படி முழிக்க? பாரம் பாரந்தான். யாராவது சுமக்கணும்."

சொல்லிக்கொண்டே கிரீடத்தைக் கழற்றி மந்திரி கையில் கொடுத்தார். பட்டுச் சட்டையைக் கழற்றினார். எல்லாரையும்விட அதிகமாக உப்பை இழந்த, தன் பேரில் ஒரு குற்றமும் இல்லாத அந்த மனுஷர், மூட்டைக்குக் கீழே முதுகைக் கொடுத்தார்.

முதல் சுற்றில் ஊர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. கொம்பையா பின்னாலேயே நடந்தான். உள்ளுக்குள், "அப்பாடா, தப்பிச்சோம்," என்றுகூட நினைத்தான்.

இரண்டாம் சுற்றில் சாக்கு உராய்ந்து ராஜாவின் முதுகுத் தோல் வழண்டது. வழண்ட இடத்தில் உப்புத் தண்ணீர் வடிந்தது. புண்ணில் உப்புப் பட்டால் எப்படி எரியும் என்று உப்பளத்தானுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? கொம்பையாவால் பார்க்க முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

மூன்றாம் சுற்றில் முன்னால் ஓடி மறித்தான். "போதும் சாமி, இறக்கி வையுங்க. நாங்க ஊரைவிட்டே போயிருதோம்."

"பேசாம வா. உனக்குப் பதில் சொன்னா எனக்கு மூச்சு வாங்குது," என்றார் ராஜா.

பொழுது சாயவும் மூட்டை அரண்மனை வாசலில் விழவும் சரியாக இருந்தது.

"தீர்ந்தது," என்றார் ராஜா. "பேச்சித்தாய், பானையை வீட்டுக்குக் கொண்டு போ. பிள்ளைக்குப் பசிக்கும்."

மறுநாளிலிருந்து கொம்பையா மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகப் போனான். இடிந்த வரப்பையெல்லாம் கேட்காமலேயே கட்டிக் கொடுத்தான்.

"அதான் ராஜா சுமந்து தீர்த்தாச்சே, நீரு ஏன் இன்னும் கிடந்து சாகுதீரு?" என்று கேட்டான் பலவேசம்.

"தண்டனைக்குப் பயந்து செய்யல மாப்ள," என்றான் கொம்பையா. "அந்த முதுகைப் பார்த்துட்டேன். சும்மா இருக்க முடியல."

நம் இயேசு சாமி சிலுவை சுமந்ததும் இப்படித்தான் பிள்ளைகளா: குற்றமில்லாதவர் அன்பினால் மனசொப்பி நம் பாவத்தைச் சுமந்ததே மெய்யான பலி, அதை உணர்ந்தவன் மனம் திரும்பி, தான் கெடுத்ததைத் தானே சீர்செய்யப் புறப்படுவான்.