ஒரு வாய்க் கணக்கு

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலம் என்று கேட்டால் எனக்கே குழப்பம்தான், செல்வம் கொழித்த ஒரு நாட்டை நெடுமுடி ராஜா ஆண்டுவந்தார். ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதர் வந்து, "எங்கள் நாட்டில் வேலையில்லாத இளைஞர் ஒருவர்கூட இல்லை" என்று பெருமையடித்துவிட்டுப் போனார். ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. "நம் நாட்டில் எத்தனை பேர்? எண்ணிச் சொல்லும்!" என்று மந்திரி மாறநம்பிக்கு உத்தரவு போட்டார்.

மந்திரி மறுநாளே வந்து நின்றார். "பூஜ்யம், மகாராஜா!"

ராஜா விழித்தார். "குளக்கரையில் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் யார்?"

"வாரத்தில் ஒரு நாழிகை வேலை செய்தவன் வேலைக்காரன், மகாராஜா. வேலை கேட்டு அரண்மனை வாசலுக்கு வராதவனுக்கு வேலையில் விருப்பமில்லை. அவன் கணக்கிலேயே சேரமாட்டான். கேட்டு வருகிறவனுக்கு ஒரு நாழிகை சாமரம் வீசக் கொடுக்கிறோம், அவனும் வேலைக்காரன். மிச்சம் யார்?"

ராஜா விரலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். மிச்சம் யாரும் வரவில்லை. குழப்பமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"ஆகவே வேலையற்றோர் கஞ்சிச்சாலையை நாளையோடு மூடிவிடலாம்" என்றார் மந்திரி.

அரசவை விகடகவி குப்பாண்டிக்குப் பகீரென்றது. அந்தக் கஞ்சியை நம்பித்தான் எத்தனையோ பேர் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "மகாராஜா, வேலையில்லாதவர்கள் இருக்கிறார்கள்" என்றான்.

குப்பாண்டியைக் கண்டாலே மந்திரிக்கு ஆகாது. "அப்படியானால் ஒருவனைக் காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டே போகட்டும்" என்றார். ராஜாவும் தலையசைத்துவிட்டார்.

குப்பாண்டி குளக்கரைக்கு ஓடி, தச்சு வேலை தெரிந்த சடையன் என்ற இளைஞனை அழைத்து வந்தான்.

"போன வாரம் ஏதேனும் வேலை செய்தாயா?" என்றார் மந்திரி.

"பக்கத்து வீட்டுக் கதவ இழைச்சுக் குடுத்தேங்க. மோர் ஊத்துனாங்க."

"வேலைக்காரன்!"

"ஐயோ, அது இந்த வாரம் இல்லீங்களே சாமி!"

"இந்த வாரம் வேலை கேட்டு வாசலுக்கு வந்தாயா?"

"முன்னாடி வந்தேனுங்க. சாமரம் வீசிட்டுப் போகச் சொன்னாங்க. அலுத்துப்போய் இப்ப வர்றதில்லீங்க."

"அப்படியென்றால் நீ கணக்கிலேயே இல்லை."

சடையன் தன் கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டான். "ராஜா, நான் இருக்கேனா, இல்லீங்களா?"

ராஜாவுக்குத் தெரியவில்லை. எழுதுகிற எனக்கே தெரியவில்லை, பாவம் அவர் என்ன செய்வார்?

குப்பாண்டி பணிந்தான். "நாளை மதியம் வரை தவணை கொடுங்கள், மகாராஜா. அதுவரை அரண்மனைச் சமையலறை என் பொறுப்பில் இருக்கட்டும்." இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமலே ராஜா சம்மதித்தார்.

மறுநாள் மதியம் ராஜாவும் மந்திரியும் பந்தியில் உட்கார்ந்தார்கள். பெரிய தலைவாழை இலையில் ஆளுக்கு ஒரு வாய்ச் சோறு விழுந்தது. அதைத் தின்றுவிட்டுக் காத்திருந்தார்கள். வேறு எதுவும் வரவில்லை.

"எங்கே சாப்பாடு?"

"ஒரு வாய் சாப்பிட்டவர் பசியாறியவர், மகாராஜா" என்றான் குப்பாண்டி.

"எனக்குப் பசிக்கிறதடா!"

"பசித்திருந்தால் சமையலறை வாசலுக்கு வந்து கேட்டிருப்பீர்களே! கேட்காதவருக்கு உணவில் விருப்பமில்லை. அவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை."

ராஜா எழுந்து சமையலறை வாசலுக்கே ஓடினார். அங்கே குப்பாண்டி அவர் கையில் இன்னொரு வாய்ச் சோற்றை வைத்தான். "இதோ, பசியாறினீர்கள். அரண்மனையில் பசித்தவர் பூஜ்யம்!"

ராஜா சோற்றைப் பார்த்தார். வயிற்றைத் தடவினார். அப்போது பந்தியில் உட்கார்ந்திருந்த மந்திரியின் வயிறு சமையலறை வாசல் வரை கேட்கும்படி இரைந்தது.

"மந்திரியாரே, உமக்குப் பசிக்கிறதா?"

மந்திரி வயிற்றைத் துண்டால் மூடிக்கொண்டார். "எனக்கு... தெரியவில்லை, மகாராஜா."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குப்பாண்டி, வேலையில்லாதவனைக் காட்டிவிட்டாய். பசித்தும் கணக்கில் சேராத நான்தான் இன்றைக்கு அந்தச் சடையன்!" தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "சரி, மீதிச் சமையல் எங்கே?"

"கஞ்சிச்சாலையில். கணக்கில் இல்லாதவர்கள் சாப்பிடுகிறார்கள்."

வேறு வழியில்லை. ராஜாவும் மந்திரியும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். பரிமாறிய சடையனுக்குத் தேர்ப்பட்டறையில் நிரந்தர வேலை என்றும், கஞ்சிச்சாலையை மூடுவதில்லை என்றும் ராஜா அங்கேயே அறிவித்தார். மந்திரி சோற்றுக்காக இலையை முன்னே நகர்த்தியபோது சடையன் கரண்டியோடு நின்றான்.

"சாமி, ஏற்கெனவே ஒரு வாய் சாப்பிட்டீங்களாமே?"

கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே இலை நிறையப் போட்டான். மந்திரி தலைநிமிராமல் சாப்பிட்டார்.

அதன்பிறகு சபையில் யார் "பூஜ்யம்" என்று கணக்குச் சொன்னாலும் ராஜா உடனே கேட்பார்: "ஒரு வாய்க் கணக்கா, வயிறு நிறைந்த கணக்கா?"