நான்கு துண்டு மூங்கில்

வளவத்துறையில் புதுக் கப்பலுக்குப் பாய் தயாரானது. பாய் படபடக்காமல் இருக்க அதன் குறுக்கே கட்டும் சட்டத்தைச் செய்யும் வேலை செவந்தியுடையது. கப்பலதிகாரி விக்கிரமராயர் அவளிடம் ஓலை ஒன்றை நீட்டினார்.

"சட்டத்தின் மரம் நூலளவும் வளையக் கூடாது. பாயோ இரு பக்கமும் புடைத்துக் காற்றை வாங்க வேண்டும். தவறினால் உன் பட்டறை என் மைத்துனனுக்கு."

இரண்டும் சேர்ந்து நடக்காது என்பது ராயருக்குத் தெரியும். மைத்துனனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

செவந்தி தேக்கைத் தூக்கிப் பார்த்தாள். அந்தக் கனத்துக்குப் பாய் மேலே ஏறாது. நடுவில் மடங்க இரும்புக் கீலை வைத்தால் கடலுப்பு தின்றுவிடும். கடைசியில் முற்றிய மூங்கிலை நான்கு துண்டாக்கி, முனைகளைச் சிறு பித்தளைக் குழாய்களில் கொஞ்சம் தளர்வாகச் செருகி ஒரே சட்டமாகக் கோத்தாள்.

பாய் ஏறியது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அழகாகப் புடைத்தது.

"வளைஞ்சிருச்சு! எல்லாரும் பாருங்க, வளைஞ்சிருச்சு!" என்று ராயர் குதித்தார்.

"எந்தத் துண்டு எசமான்? நூல் பிடிச்சுப் பாருங்களேன்."

ஏணி வந்தது. ராயர் ஒவ்வொரு துண்டாக நூல் பிடித்தார். அதிகாரி அல்லவா, அளந்ததை உரக்கச் சொல்லித்தான் பழக்கம். "நேர்! நேர்! நேர்! நேர்!" நான்காவது நேருக்குக் கரையே சிரித்தது.

"அப்போ வளைஞ்சது எது?"

"துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி, எசமான். அதைப் பத்தி ஓலையில ஒண்ணும் எழுதலையே."

ராயர் தொண்டையைச் செருமினார். "நான் கேட்டதும் இதுதான்."

"அதான் எசமான், கேட்டபடியே செஞ்சேன்" என்ற செவந்தி, அடுத்த கப்பலுக்கு மூங்கில் அறுக்கத் தன் பட்டறைக்குப் போனாள்.