ஊசிக்குப் பின் அரைமணி

“நான் எந்தத் தப்பும் செய்யல, சிஸ்டர். ஆனா அந்தம்மா செத்துட்டாங்க.”

உப்பளத்து ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த டாக்டர் நல்லபெருமாள் சொன்ன முதல் வார்த்தை இதுதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

நர்ஸ் எப்சிபா ஒருவரின் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

ஆஸ்பத்திரி என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. ஓடு வேய்ந்த ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு முக்காலி, துணி மூடிய ஒரு தட்டு. வாசலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பு. உச்சிப் பொழுதில் அங்கே நிழல் என்று ஒன்று கிடையாது. அந்த நேரத்தில் பாத்தி வரப்பில் ஒருவரும் நடக்கமாட்டார்கள். நடந்து வந்தால் அது மனுசன் இல்லை என்பார்கள்.

வாரத்துக்கு ஒருநாள் ஒரு டாக்டர் வந்து சீட்டு எழுதிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் எப்சிபாதான். உப்புத் தண்ணீரில் நின்று நின்று புண்ணான கால்களுக்குப் பெனிசிலின் ஊசி போட்டே இருபத்தாறு வருஷம் ஓடியிருந்தது. அந்த மருந்து லட்சம் பேரைக் காப்பாற்றும்; ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் நின்ற இடத்தில் சாய்த்துவிடும். எப்சிபா கையில் மட்டும் யாரும் போனதில்லை என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சுதான் அவரிடம் கற்றுக்கொள்ள நல்லபெருமாளை இங்கே இழுத்து வந்தது.

அவர் லேசுப்பட்டவர் இல்லை. கல்லூரியில் இருபத்திரண்டு வருஷம் மருந்தியல் பேராசிரியர். எந்த மருந்து எந்த உடம்பை என்ன செய்யும், எந்த விஷத்துக்கு எது முறிவு, எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவர். ஒரு இலவச முகாமில் ஆள் குறைந்ததால் தன் கையாலேயே ஊசி போட்டார். ஒரே ஒரு ஊசி.

“டெஸ்ட் டோஸ் போட்டீங்களா?” என்று எப்சிபா கேட்டார்.

“போட்டேன். ஒரு தடிப்புகூட இல்ல.”

“முறிவு மருந்து?”

“பக்கத்துலயே இருந்தது. அட்ரினலின். அதையும் போட்டேன்.”

“எப்போ?”

“நாடி விழுந்ததும்.”

எப்சிபா கட்டின் நுனியை முடிந்தார்.

“அதுக்கு முன்னால அந்தம்மா என்ன சொன்னாவ?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஊமையா?”

“இல்ல, பேசுவாங்க.”

“அப்போ சொல்லியிருப்பாவ. ஞாபகம் வந்ததும் சொல்லுங்க. அதுவரைக்கும் ஊசியத் தொடாதீங்க.”

முக்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினார்.

“உக்காருங்க.”

*

ஊசி போட்டவர் அரைமணி நேரம் கட்டிலில் இருக்க வேண்டும். முக்காலியில் இருப்பவர் அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இன்னொரு கட்டளையும் இருந்தது.

“இந்த ரூமுக்குள்ள, ஒண்ணும் ஆகாதுன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிராதீங்க.”

“ஏன் சிஸ்டர்? பயந்தவங்களுக்கு ஒரு தைரியம்தானே?”

“ஆகுமா ஆகாதான்னு உங்களுக்குத் தெரியுமா?”

நல்லபெருமாளுக்குச் சுருக்கென்றது. தன்னைவிட ஏழெட்டு வயது இளையவர், தன் மாணவர்களின் மாணவர்களிடம் சீட்டு வாங்கி ஊசி போடுகிறவர். இருந்தாலும் உட்கார்ந்தார். போவதற்கு வேறு இடமில்லை.

நாள் முழுக்கக் கேட்டார். ஆடு காணாமல் போன கதை. மருமகள் கதை. லாரி டிரைவரோடு போட்ட சண்டை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தக் கறி எதற்கு உதவும் என்று அவருக்கு விளங்கவில்லை.

எப்சிபா அறையின் மறுகோடியில் பஞ்சு உருட்டிக்கொண்டிருப்பார். ஏறிட்டும் பார்க்கமாட்டார்.

சில நேரம் உச்சி வெயிலில் வாசலைப் பார்த்தபடி இருந்தால் நல்லபெருமாளுக்கு அந்த அம்மாளின் முகம் வரும். ஊதாப் புடவை, கழுத்தில் மஞ்சள் கயிறு, மூக்கில் ஒற்றைக்கல். வாய் அசையும். ஏதோ சொல்வாள். சத்தம் மட்டும் வராது.

அவர் வாசலைப் பார்க்காதபடி முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

*

பத்தொன்பதாம் நாள் பிச்சக்கனிக்கு ஊசி. உப்பு வாருகிற ஆள், வாய் கொஞ்சம் நீளம். கட்டிலில் படுத்தபடி மச்சானை வைதுகொண்டிருந்தார்.

“அவன்லாம் ஒரு மனுசனாய்யா? தங்கச்சிய அனுப்புன்னா, பைக்கு வாங்கிக் கொடுத்தாத்தான்…”

நிறுத்தினார். கூரையைப் பார்த்தார்.

“ரேசன் கார்டு அரிசிப் பானைக்குள்ள இருக்குன்னு எம் பொண்டாட்டிட்ட சொல்லிருங்க.”

நல்லபெருமாள் சிரித்துவிட்டார். “நீங்களே வீட்டுக்குப் போயி சொல்…”

அவர் முடிக்கவில்லை. எப்சிபா கட்டிலருகே இருந்தார். எப்போது எழுந்தார், எப்படி வந்தார், தெரியாது. நாடி பார்க்கவில்லை. கண்ணைப் பார்க்கவில்லை. தட்டின் துணியை விலக்கினார். அட்ரினலின் ஆம்பூலின் கண்ணாடிக் கழுத்து ஒடிந்தது. வேட்டிக்கு மேலாகவே தொடையில் மருந்து இறங்கிவிட்டது.

“கால ரெண்டையும் தூக்கிப் பிடிங்க, டாக்டர்.”

அதற்குப் பிறகுதான் எல்லாம் வந்தது. கழுத்தில் திட்டுத் திட்டாகத் தடிப்பு எழுந்தது. உதடு வீங்கியது. மூச்சில் விசில் கேட்டது. நாடி நூலாகி, நல்லபெருமாளின் விரலுக்கடியில் காணாமல் போய், மறுபடி வந்து, அங்கேயே நிலைத்தது. இனிப் போகாது என்பதுபோல் தட்டியது.

ஆம்புலன்ஸ் வண்டி வந்து பிச்சக்கனியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனது. ஏறும்போதே அவர் மச்சானை விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டார்.

நல்லபெருமாள் எப்சிபாவிடம் வந்தார்.

“ஒரு குறியும் இல்லையே சிஸ்டர். எப்படித் தெரிஞ்சது?”

“சொன்னாருல்லா.”

“ரேசன் கார்டப் பத்தித்தானே சொன்னாரு?”

“மச்சான வைதுட்டிருந்த மனுசன் எதுக்கு ரேசன் கார்டுக்குப் போறாரு?”

எப்சிபா ஒடிந்த ஆம்பூலைப் பொறுக்கி டப்பாவில் போட்டார்.

“ஒவ்வொருத்தரு ஒவ்வொண்ணு சொல்லுவாவ. ஒருத்தி ஆட்ட அவுத்துவிடச் சொன்னா. ஒருத்தரு, வெளக்க அணைக்காதீங்கன்னாரு. பகல் பதினோரு மணி அப்போ.”

நல்லபெருமாள் முக்காலியில் உட்கார்ந்தார். இத்தனை நாள் முதுகைக் காட்டிய வாசலை மெல்லத் திரும்பிப் பார்த்தார். வெள்ளை வெயில். ஊதாப் புடவை. வாய் அசைந்தது.

இந்தத் தடவை சத்தம் வந்தது.

“வாசல்ல யாருன்னு கேட்டாங்க, சிஸ்டர்.”

எப்சிபா டப்பாவைக் கீழே வைத்தார்.

“அந்தம்மாதான். ‘வாசல்ல யாரோ வந்து நிக்கிறாங்க சார், யாருன்னு பாருங்க’ன்னாங்க. நான் எந்திரிச்சுப் போயி பாத்தேன். தெருமுனை வரைக்கும் பாத்தேன். யாரும் இல்ல. ‘யாரும் இல்லம்மா, ஒண்ணும் ஆகாது’ன்னு சொல்லிட்டே திரும்பினேன்…”

அதற்கு மேல் முடியவில்லை. ஐம்பத்தாறு வயது மனிதர், தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

எப்சிபா தேற்றவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

“நாளையிலருந்து நீங்க ஊசி போடுங்க,” என்றார்.

*

மறு மாதம் உப்புக்கட்டி கிழித்து எப்சிபாவின் குதிகால் பழுத்தது. வாராந்திர டாக்டர் பார்த்துவிட்டு அதே ஊசியைச் சீட்டில் எழுதினார்.

“முன்னாடி போட்டிருக்கீங்களா, சிஸ்டர்?” என்று நல்லபெருமாள் கேட்டார்.

“நாலு தடவ. ஒரு சொறிகூட வந்ததில்ல.”

நல்லபெருமாள் டெஸ்ட் டோஸ் பார்த்துவிட்டு ஊசி போட்டார். தட்டை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு முக்காலியில் அமர்ந்தார். வாசல் அவர் முதுகுப் பக்கம் இருந்தது. மணி பன்னிரண்டு. பாத்திகளில் ஆளரவம் இல்லை.

எப்சிபா படுத்து யாரும் பார்த்ததில்லை. படுத்தவர் கூரையைப் பார்த்துப் பேசினார்.

“அந்த ஓட்டப் பாத்தீங்களா? மழைக்கு முன்னால மாத்தணும். அந்தக் கொத்தனாரு இன்னைக்கு வாரேன், நாளைக்கு வாரேன்னு மூணு வாரமா இழுக்காரு. இந்தத் தடவ வரட்டும், நல்லா…”

நிறுத்தினார்.

“வாசல்ல யாரு, டாக்டர்?”

நல்லபெருமாளின் கை துணி மூடிய தட்டுக்குப் போனது.

சோதிக்கிறாரோ என்று ஒரு நினைப்பு வந்தது. இருக்கலாம். எல்லாம் தெரிந்தவர்தானே.

அப்போது தரையில், அவர் காலடியில், வெயில் மங்கியது. ஆள் நின்று வெளிச்சத்தை மறைத்தால் மங்குமே, அப்படி. அவருக்குப் பயமாக இருந்தது. திரும்பு, திரும்பு என்று முதுகு முழுக்கச் சொன்னது.

கை தட்டில் இருந்தது. ஆம்பூல் ஒடிந்தது. புடவைக்கு மேலாகத் தொடையில் ஏற்றினார். கால்களைத் தூக்கித் தலையணைமேல் வைத்தார். ஒரு கையால் வண்டிக்குப் போன் போட்டுக்கொண்டே மறுகையில் இரண்டாவது ஆம்பூலை எடுத்து வைத்துக்கொண்டார்.

பிறகு கழுத்தில் தடிப்பு எழுந்தது. உதடு வீங்கியது. எப்சிபாவின் விரல்கள் கட்டில் சட்டத்தைப் பற்றின. மூச்சு ஊசித்துளை வழியாகப் போவதுபோல் கீச்சிட்டது.

“நான் இங்கதான் இருக்கேன், சிஸ்டர்,” என்றார். ஒண்ணும் ஆகாது என்று சொல்லவில்லை.

ஐந்து நிமிஷம் ஆனது. கீச்சுச் சத்தம் அடங்கவில்லை. இரண்டாவது ஆம்பூலும் ஒடிந்தது.

அதன் பிறகு நாடி ஏறியது. மெதுவாக, படிப்படியாக. விரல்கள் சட்டத்தை விட்டன. தடிப்புகள் ஒவ்வொன்றாய் மங்கின.

தரையில் வெயில் பழையபடி பளீரென்று கிடந்தது.

தூரத்தில் வண்டி வரும் சத்தம் கேட்டது. எப்சிபா கண் திறந்தார். குரல் கரகரத்தது.

“யாரு வந்துட்டுப் போனா?”

“நான் பாக்கல, சிஸ்டர்.”