தண்ணீருக்கு வந்த ஏழு யானைகள்

"என் படத்துல அப்படி என்ன குறை டீச்சர்?"

திருமூர்த்தி கேட்டார்.

முப்பது வருஷம் நூல் மில்லில் மேலாளராக இருந்து ஆட்களை அதட்டியவர். ஓய்வு பெற்றதும் காமிராவைத் தூக்கிக்கொண்டு இந்த மலையடிவாரத்துக்கு வந்தார். காட்டுயானைகளைப் படமெடுக்கக் கற்றுக்கொடுக்கும் பூவாத்தாவுக்கு அவர் மகள் வயதுதான். அவள் முன்னால் கைகட்டித்தான் நிற்பார். வீட்டில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

இரண்டு நாளில் கண்காட்சி. படங்கள் விற்றால் யானைகள் நடக்கும் வழியில் ஒரு துண்டு நிலம் வாங்கி, வேலி போடாமல் விட்டுவைப்பதாக ஏற்பாடு. எல்லார் படமும் சுவரேறிவிட்டது. இவர் கொடுத்த இரண்டு மட்டும் தரையில் சாய்ந்து கிடந்தன.

முதலாவதை லேசில் தள்ளிவிட முடியாது. மூத்த பெண் யானை காதுகளை விரித்து, புழுதி பறக்க, நேராகக் காமிராவைப் பார்க்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

பூவாத்தா பிளக்கவில்லை.

"இதுக்கு அடுத்த படம் எங்கங்க சார்?"

"அது எதுக்கு? கையெடுக்காம பன்னெண்டு தடவ அழுத்துனேன். இது ஒண்ணுதான் தேறுச்சு."

"தேறாததையும் காட்டுங்க."

மடிக்கணினியைத் திறந்து காட்டினார்.

முதல் படத்தில் ஏழு யானைகள் குட்டையை நோக்கி வந்தன. சித்திரை வெயில். கடைசியில் ஒரு குட்டி. ஆறாவதுதான் எல்லாரும் மெச்சிய படம். ஏழாவதில் முதுகுகள். பன்னிரண்டாவதில் வெறும் புழுதி.

"தண்ணி குடிச்சுதுங்களா?"

"தெரியலையே. நான் கரையிலதான் உக்காந்திருந்தேன்."

"காத்து?"

"எனக்குப் பின்னால இருந்து..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நம் வாடை யானைக்குப் போகும் பக்கம் உட்காரக் கூடாது என்பது அவள் முதல் நாளே சொன்ன பாடம். அன்றைக்கு அந்தப் பக்கம்தான் வெளிச்சம் நன்றாக விழுந்தது. ஆசை யாரை விட்டது?

பூவாத்தா திட்டவில்லை. தரையில் கிடந்த அவருடைய இரண்டாவது படத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

வாழைத்தோட்டத்து மின்வேலியில் மாட்டிச் செத்துக் கிடக்கும் குட்டி யானை. அதை எடுத்தபோது தேம்பித் தேம்பி அழுதவர் திருமூர்த்தி. தோட்டக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியவரும் அவர்தான்.

"இது என்னைக்கு எடுத்ததுங்க?"

"மறுநாள் காலையில."

"குட்டைய விட்டா, அந்தப் பக்கத்துல வேற எங்கங்க தண்ணி இருக்குது?"

"எங்கயும் இல்ல. அந்தத் தோட்டத்துத் தொட்டியில..."

சட்டென்று மடிக்கணினிப் பக்கம் திரும்பினார்.

ஏழு யானைகளும் வரும் முதல் படத்தைத் திறந்தார். பெரிதாக்கினார். குட்டியின் வால் நுனி முடியே இல்லாமல் மொட்டையாக இருந்தது. தரையில் இருந்த படத்தைக் குனிந்து பார்த்தார். வேலியோரம் கிடந்த குட்டியின் வாலும் மொட்டை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் குட்டியிடம் என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சொன்னாலும் கேட்க அது இல்லை.

பூவாத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போயிடறேன் டீச்சர்," என்றார் கடைசியில். "இதை யாரும் பாக்க வேண்டாம்."

"அந்தப் பன்னெண்டோட இதையும் சேத்து பதிமூணையும் பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வாங்க. கிழக்குச் சுவரு காலியாத்தான் இருக்குது. வரிசையா மாட்டுங்க."

ஆணிப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள்.

அவர் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"கீழ என்னன்னு எழுதறது?"

"ஒண்ணும் எழுத வேண்டாமுங்க. படம் எடுத்தவரு பேரை மட்டும் போடுங்க."