சிவப்பு ஒட்டிய செய்தி

கணினிக் காவலைத் தொழிலாகக் கொண்டவர்கள் நான்கு நிறங்களை வைத்து ரகசியம் காக்கிறார்கள். ஓர் ஆபத்தைப் பற்றிச் சொல்லும்போதே அதன்மேல் ஒரு நிறத்தையும் ஒட்டிவிடுவார்கள். வெள்ளை என்றால் ஊருக்கே சொல்லலாம். பச்சை, தொழில் வட்டத்துக்குள். மஞ்சள், அலுவலகத்தில் அவசியப்பட்டவர்களுக்கு மட்டும். சிவப்பு என்றால் கேட்ட காதோடு சரி. ஒட்டிய நிறத்தை மாற்றும் உரிமை, செய்தியைக் கொடுத்தவருக்கு மட்டுமே உண்டு. கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது, நடந்ததைக் கேளுங்கள்.

எச்சரிக்கை மையத்தின் அதிகாரி நசீருத்தீன், ஒருநாள் காலையில் மூன்று மருத்துவமனைகளின் கணினிப் பாதுகாப்புப் பொறுப்பாளர்களை அழைத்தார். துரைராசன், ஜெசிந்தா, மங்கையர்க்கரசி என்று பெயர். "இது சிவப்பு" என்றுதான் தொடங்கினார். வேறொரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், நோயாளிகளின் இதயத் துடிப்பைச் செவிலியர் மேசைக்குக் காட்டும் மென்பொருளுக்குள் ஹேக்கர்கள் புகுந்துவிட்டார்கள். தங்களைக் கண்டுகொண்டார்கள் என்று தெரிந்தால் அந்தக் கணமே எல்லாக் கணினிகளையும் முடக்கிப் பூட்டிவிடுவார்கள். அதனால் அங்கே சத்தமில்லாமல், ஒவ்வொரு நோயாளியாகத் கணினியோடு சேராத தனிக் கருவிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், மாலைக்குள் முடிந்துவிடும். அதே மென்பொருள் இந்த மூவரின் மருத்துவமனைகளிலும் இருக்கிறது. அவர்களாவது தப்பட்டும் என்றுதான் அடிபட்ட மருத்துவமனை தன் காயத்தைத் திறந்து காட்டியது.

"உங்க இடத்துல வெளி இணைப்பைத் துண்டிச்சிடுங்க. காரணத்தை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. சொல்லியே ஆகணும்னா முதல்ல எனக்குப் போன் பண்ணுங்க" என்றார் நசீருத்தீன்.

துரைராசன் வாயைத் திறக்கவில்லை. துண்டித்தால் காரணம் கேட்பார்கள் என்று கையையும் அசைக்கவில்லை. சிவப்பு விளக்கைக் கண்ட வண்டிபோல அப்படியே நின்றுவிட்டார்.

ஜெசிந்தாவின் மருத்துவமனையில் இணைப்பைத் துண்டிக்க அவருக்கே அதிகாரம் உண்டு. யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆனால் காரணம் சொல்லாமல் செய்தால் தலைமை மருத்துவர் சத்தம் போடுவாரே என்று பயம். "டாக்டர், இது சிவப்பு. உங்களோட இருக்கட்டும்" என்று முழுவதையும் சொல்லிவிட்டுத் துண்டித்தார். அவருடைய நோயாளிகளில் ஒருவருக்கும் ஒரு குறையும் வரவில்லை. தலைமை மருத்துவரும் பொல்லாதவர் அல்லர். வெளியூரில் மருத்துவராக இருந்த மைத்துனரிடம் மட்டும், சிவப்பு என்று சொல்லியே, சொன்னார். ரகசியம் நம்மிடையே ஊர்வலம் போவது இப்படித்தான். எல்லோரும் ஒரே ஒருவரிடம்தான் சொல்கிறார்கள்! மைத்துனர் பதறிப்போய், மென்பொருளை விற்ற நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டார். அந்த நிறுவனத்தின் அஞ்சல்களையும் ஹேக்கர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மங்கையர்க்கரசிக்குத் தானாகத் துண்டிக்கும் அதிகாரம் இல்லை. தலைமை மருத்துவரின் சம்மதம் வேண்டும். நசீருத்தீனை அழைத்தார். "சார், எங்க டாக்டர்கிட்ட மட்டும் சொல்லியாகணும்." நசீருத்தீன் அடிபட்ட மருத்துவமனையைக் கேட்டார். பதில் வர மதியமாகிவிட்டது. மென்பொருளில் ஓட்டை இருக்கிறது என்பதை மட்டும் மஞ்சளாக்கித் தந்தார்கள். யாரோ அடிபட்டிருக்கிறார்கள் என்பது சிவப்பாகவே இருந்தது. அதுவரை மங்கையர்க்கரசியின் நோயாளிகள் திறந்த வீட்டில்தான் படுத்திருந்தார்கள்.

"காலையிலேயே தெரிஞ்சும் சும்மா இருந்தியாம்மா? என் பேஷன்ட் உயிருக்கு எவன்கிட்டம்மா பர்மிஷன்?" என்று கத்தினார் தலைமை மருத்துவர். மங்கையர்க்கரசி அவருடைய சம்மதத்தை வாங்கிக்கொண்டார். உடனே போய் இணைப்பைத் துண்டித்தார்.

மைத்துனரின் மின்னஞ்சலைப் படித்த ஹேக்கர்கள் அன்று பிற்பகலே எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்கள். இணைப்பைத் துண்டிக்காத துரைராசனின் மருத்துவமனையும் அதில் சிக்கியது. செவிலியர்கள் கட்டிலுக்குக் கட்டில் ஓடி எல்லோரையும் காப்பாற்றினார்கள். ஆனால் அடிபட்ட மருத்துவமனையில் இன்னும் கருவி மாற்றாத ஒரு கட்டிலில், சத்துணவு சமைக்கும் வடிவாம்பாள் படுத்திருந்தார். அவருக்குத் துடிப்பு தடுமாறியபோது எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. செவிலியர் பார்த்தபோது உயிர் போயிருந்தது.

விசாரணையில் துரைராசன், "சொன்ன சொல்லைக் காப்பாத்தினவன் நான்தான்" என்றார். "என் நோயாளிங்களக் காப்பாத்தினேன், சிவப்புன்னு சொல்லித்தானே சொன்னேன்?" என்றார் ஜெசிந்தா. மங்கையர்க்கரசி, "நான் கேட்டுட்டு சொன்னேன்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

இந்த மூவரில் யார் செய்தது சரி? விடையைப் படிக்குமுன் உங்கள் தீர்ப்பை முடிவு செய்துகொள்ளுங்கள்.

விடை: மங்கையர்க்கரசி செய்ததே சரி. சிவப்பு நாக்கைத்தான் கட்டும், கையைக் கட்டாது. துரைராசனுக்கு அது புரியவில்லை. ஜெசிந்தா ஒரு வார்த்தையும் பேசாமலே தம் நோயாளிகளைக் காப்பாற்றியிருக்கலாம். கடன் வாங்கிய செய்திக்கு அவராகவே இன்னொரு சிவப்பை ஒட்டினார். அந்த நிறம் அவருடையது அல்ல. மங்கையர்க்கரசியின் காத்திருப்பில் ஓர் உயிர் போயிருந்தால் இதே தீர்ப்பைச் சொல்ல எனக்கு நா எழுந்திருக்குமா என்று கேட்கிறீர்களா? சொல்லத்தான் வேண்டும், ஆனால் வாய் கசந்திருக்கும். அடிபட்ட மருத்துவமனை அதன்பிறகும் ஒருமுறை ஹேக்கர்களிடம் சிக்கியது. அப்போது அது யாரிடமும் எதையும் சொல்லவில்லை.