ராஜாவின் ரசமும் பூஞ்சைக் காவலும்

சாரலூர் ராஜா செண்பகமாறருக்கு ரசம் இல்லையென்றால் ராஜ்ஜியமே இல்லை. ஆனால் அந்த ஊர் மழை இருக்கிறதே, அப்பப்பா! வருஷா வருஷம் பண்டகசாலையில் மல்லியும் மிளகாயும் பூஞ்சை பூத்து நரைத்துவிடும். பண்டகசாலைக்காரர் உச்சிமாகாளி, பாவம், போன மழைக்கு ஜாடிகளில் வேப்பிலையைத் திணித்து வைத்தார். பூஞ்சை வரவில்லை. ரசம் கசந்தது!

"எனக்கே வேப்பிலையா? பேயா பிடிச்சிருக்கு?" ராஜா குதித்தார். "இந்த மழைக்கு வெளியிலிருந்து ஓர் இலை, ஒரு குச்சி உள்ளே போகக் கூடாது. பூஞ்சையும் வரக் கூடாது. வந்தால் நீ ஊரை விட்டே போ!"

தளபதி கொண்டல்ராயருக்கு வாயெல்லாம் பல். அந்த வேலை தன் மச்சினனுக்குக் கிடைக்குமே! "வாசலில் நானே காவல் நிற்கிறேன், மகாராஜா" என்றார்.

உச்சிமாகாளி அழுதுகொண்டே அரண்மனை விதூஷகர் சடையாண்டியிடம் ஓடினார்.

"அட, இதுக்குப் போயா அழுவாங்க? வாங்க!" என்று அவரை இழுத்துக்கொண்டு சடையாண்டி பண்டகசாலைக்குக் கிளம்பினார்.

வாசலில் தளபதி மறித்தார். சடையாண்டியின் மடியை உதறினார். குடுமியை அவிழ்த்தார். "வாயைத் திற!"

"ஆ... நல்லாப் பாருங்க, கடைவாயிலே ஒரு வேப்பமரம் நிக்குது!"

ஒன்றும் அகப்படவில்லை. உள்ளே போன இருவரும் கொஞ்ச நேரம் எதையோ இடித்தார்கள். வெளியே வந்ததும் கதவைச் சாத்தி முத்திரை வைத்தார்கள். மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. தளபதி வாசலை விட்டு அசையவே இல்லை.

மழை விட்டதும் ராஜா வந்து ஜாடிகளைத் திறந்தார். மிளகாய் கலகலத்தது. மல்லி கமகமத்தது.

"மோசடி! என்னமோ உள்ளே போயிருக்கு!" தளபதி கத்தினார்.

"உங்க காவலைத் தாண்டியா?" என்றார் சடையாண்டி. பிறகு ராஜாவின் பக்கம் திரும்பினார்.

"உங்க தாம்பூலத்துக்கு வச்சிருந்த கிராம்பும் பட்டையும் உள்ளேயே இருந்துச்சு, மகாராஜா. இடிச்சு எல்லா ஜாடியிலும் தூவினோம். அந்த வாசனை பூஞ்சைக்கு ஆகாது. வெளியிலிருந்து வரக் கூடாதுன்னீங்க. உள்ளே இருக்கிறவங்க ஒண்ணாச் சேரக் கூடாதுன்னு சொல்லலையே!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மிளகாய் நெடி ஏறித் தும்மித் தும்மிச் சிரித்தார். "உச்சிமாகாளிக்கு ஆயுசுக்கும் இந்த வேலைதான்! உனக்கு என்ன வேணும், கேள்!"

"மிச்சக் கிராம்பு ஒரு பிடி, மகாராஜா."

"எதுக்கு?"

"தளபதிக்கு. மழை முழுக்க நனைஞ்சு நின்னாரே, தலைப்பாகையைப் பாருங்க!"

ராஜா பார்த்தார். பச்சைப் பசேலென்று பூஞ்சை!