பாதியில் எழுந்தவர்கள்

அந்த மசோதாவுக்கு மதியம் ஒரு மணி வரைதான் உயிர். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர்கள் மறுபடி படித்து பிளஸ் டூ சான்றிதழ் வாங்க வழிசெய்யும் மசோதா அது. அதை ஆராயும் குழுவின் தலைவர் தணிகாசலம் எம்.எல்.ஏ. அதற்குள் கையெழுத்துப் போடாவிட்டால் சட்டசபைக்கே போகாது. அவரோ பேனாவைத் திறக்கிறார், மூடுகிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார். பக்கத்தில் நின்ற செயலாளருக்கு வியர்த்துக் கொட்டியது.

"பாதியில எந்திரிச்சுப் போனவனுக்குத் திரும்ப எதுக்குய்யா இடம்? அப்படிப் போயிட்டு, அதே இடத்துல மரியாதையா வந்து உக்காந்த ஒரு ஆளைக் காட்டுங்க. இப்பவே கையெழுத்துப் போடுறேன்!" என்றார் தணிகாசலம்.

டீ கொடுத்துக்கொண்டிருந்த கேன்டீன் அஞ்சுகம், ஒன்பதாவதோடு நின்றவள், தட்டை மேசையில் வைத்தாள்.

"நீங்கதாங்கய்யா. போன ஆட்சியில பட்ஜெட் அன்னிக்கு சபையை விட்டுக் கோபமா வந்து, என்கிட்டதான் டீ குடிச்சீங்க. மறுநாள் போய் அதே இடத்துலதானே உக்காந்தீங்க?"

"அது வெளிநடப்பு!" என்று கத்தினார் தணிகாசலம்.

"நானும் அதைத்தாங்கய்யா செஞ்சேன். அப்பா படுத்த படுக்கையாயிட்டாரு, பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே நடந்தேன். அதுக்கு இப்படி ஒரு கௌரவமான பேரு இருக்குன்னு தெரியாமப் போச்சு."

யாரோ சிரித்துவிட்டார்கள். தணிகாசலம் நாற்காலியைத் தள்ளிவிட்டு விறுவிறுவென்று வாசல் வரை போனார். அத்தனை பேரும் அந்தக் காலி நாற்காலியையே பார்த்தார்கள். மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

அஞ்சுகம் முந்தானையால் நாற்காலியைத் தட்டிவிட்டாள்.

"வந்து உக்காருங்கய்யா. உங்க இடத்தை யாரும் எடுத்துடல."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். பேனா திறந்தது.